வலைப்பூ தேடிப் படிப்பதில் நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

தனி ஆட்கள் சொந்தமாக எழுதும் வலைப்பூக்களைத் தேடிப் படிக்கப் புதிதாகக் கிளம்பியிருக்கும் இரண்டு மூன்று பேரைச் சமீபத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பதினைந்து வருடம் முன்னால் நான் எந்தெந்தக் குழியில் விழுந்தேனோ, அதே குழிகளில் கிட்டத்தட்ட அதே வரிசையில் விழுந்துகொண்டிருக்கிறார்கள். விளம்பரக் குப்பையைப் படிக்காதே, காப்பியடித்த பக்கத்தை நம்பாதே என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

துறையின் பெயரைப் போட்டுத் தேடுவது

தேனீ வளர்ப்பு வலைப்பூ என்று தேடினால் என்ன வரும்? பெட்டி விற்பவர்கள் வருவார்கள், வகுப்பு நடத்துபவர்கள் வருவார்கள், தலைசிறந்த ஐம்பது தேனீ வலைப்பூக்கள் என்று ஒரு பட்டியல் வரும், அதைத் திறந்தால் பாதி மறுபடியும் பெட்டி விற்பவர்கள். உண்மையிலேயே தேனீ வளர்த்துக்கொண்டு எழுதுகிற ஆள் தன் பக்கத்துக்கு அப்படியெல்லாம் பெயர் வைத்திருக்க மாட்டார். போன வாரம் ராணித் தேனீ காணாமல் போனது, மழைக்குப் பிறகு திறந்தால் அடைகளில் பூஞ்சை என்றுதான் எழுதியிருப்பார். அதனால் துறையை விட்டுவிட்டு, அந்தத் துறையில் இருப்பவருக்கு வரக்கூடிய தொல்லையைத் தேடுங்கள். அவரே புலம்புகிற மாதிரி, தன்மையில். மேற்கோள் குறிக்குள் இரண்டு மூன்று சொல் போதும், முழு வாக்கியத்தையும் போட்டால் ஒன்றும் கிடைக்காது. விலை, தள்ளுபடி போன்ற சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு விலக்கிவிட்டால் கடைக்காரர்கள் பாதி ஒழிவார்கள்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. மார்ஜினாலியா என்று ஒரு தேடுபொறி, ஸ்வீடனைச் சேர்ந்த ஒருவர் 2021இல் வெளியிட்டது, விளம்பரமும் ஸ்கிரிப்டும் மண்டிய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுத்து நிறைந்த சாதாரணப் பக்கங்களை முன்னால் எடுத்துவரும். ஊ டாட் டைரக்டரி என்று 2022இல் வந்த ஒரு பட்டியல் தளம் இருக்கிறது, அங்கே வலைப்பூக்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். இரண்டும் நல்லவை. ஆனால் பட்டியலில் ஆரம்பித்துப் பட்டியலிலேயே முடித்துக்கொள்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரே தெருவுக்குள் சுற்றுவது

ஒரு வலைப்பூவிலிருந்து அவர் சுட்டும் இன்னொன்று, அங்கிருந்து இன்னொன்று என்று போவதுதான் சிறந்த வழி, சரி. ஆனால் கவனிக்காமல் போனால் நாற்பது வலைப்பூ தாண்டியும் அதே தெருவில்தான் நிற்பீர்கள். குறிப்பாக நிரலாளர்கள் தெரு. அங்கே ஒவ்வொருவரும் தன் வலைப்பூவை எந்த மென்பொருளில் கட்டினேன் என்று எழுதுவார், ஆறு மாதம் கழித்து அதை ஏன் இன்னொன்றுக்கு மாற்றினேன் என்று எழுதுவார், நடுவில் வேறெதுவும் எழுதியிருக்க மாட்டார். (நானும் அந்தப் பதிவை இரண்டு முறை எழுதியவன்தான்.)

வெளியே வர ஒரு வழி இருக்கிறது. யாராக இருந்தாலும் எப்போதாவது தன் துறைக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று எழுதுவார். கணினிக்காரர் தன் பாட்டியின் தையல் இயந்திரத்தைச் சரிசெய்ததைப் பற்றி எழுதுவார். அந்தப் பதிவில் இருக்கும் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு போங்கள். அவை அடுத்த ஊருக்குப் போகும் பாதைகள்.

மற்றவரின் ஐந்நூறு ஓடைகளை மொத்தமாக இறக்கிக்கொள்வது

ஓடை (ஃபீட்) என்பது ஒரு வலைப்பூவின் புதிய பதிவுகள் வந்து சேரும் வழி, பல ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவும் மென்பொருள்தான் ரீடர். ஐந்நூறையும் ஒரேயடியாகச் சேர்த்தால் மூன்றாம் நாள் ரீடரைத் திறக்கவே மாட்டீர்கள்.

அமைதியாக இருக்கும் வலைப்பூவை நீக்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

ஒரு காலத்தில் என் ரீடரில் இருநூற்றுச் சொச்சம் ஓடைகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டிப் பெருக்கிய வேகத்தில் இதையும் ஒழுங்குபடுத்தலாம் என்று தோன்றியது. ஆறு மாதமாக எதுவும் வராதவற்றை மட்டும் காட்டு என்று ஒரு வசதி. அழுத்தினேன். எண்பத்து மூன்று வந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன். சுத்தமாகிவிட்டது என்று திருப்தி வேறு.

அந்த எண்பத்து மூன்றில் ஒருவர் பழைய சுவர்க்கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்பவர். வருடத்துக்கு இரண்டு பதிவு, சில வருடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் எழுதினால் ஒரு பல்சக்கரத்தின் தேய்மானத்தை வைத்தே அந்தக் கடிகாரத்துக்கு யார், எந்தக் கையால் சாவி கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்கிற அளவுக்குப் போவார். இரண்டரை வருடம் கழித்து திடீரென்று அவர் ஞாபகம் வந்தது. பெயர் மறந்துவிட்டது. தேடிப் பிடிக்க ஒரு மாலை முழுக்க ஆனது. கடைசியில் முகவரி கிடைத்து, திறந்தால், சூதாட்ட விளம்பரம். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், யாரோ வாங்கிவிட்டார்கள்.

பழைய வலைப்பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்த்தேன். நான் நீக்கி நான்கு மாதம்கூட ஆகாத சமயத்தில் அவர் ஒரு தொடர் ஆரம்பித்திருக்கிறார். மணி அடிக்கும் பகுதி முழுவதும் உடைந்துபோன ஒரு கடிகாரத்தை முதலிலிருந்து கட்டுவது பற்றி, ஒன்பது பாகம். அங்கே சேமிப்பில் இருப்பது ஒன்று, இரண்டு, ஐந்து. படங்கள் ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் பாகம், போன பாகத்தில் செய்த முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டு தொடங்குகிறது. என்ன முட்டாள்தனம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அந்த ஓடையை நீக்காமல் விட்டிருந்தால் ஒன்பது பாகமும் என் ரீடருக்கே வந்து சேர்ந்திருக்கும். நான் வைத்திருந்த ரீடர், வந்த பதிவின் எழுத்தைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும், மூலத் தளம் போனாலும் அது இருக்கும். ஆக நான் சுத்தம் செய்ததால் மிச்சமானது என்ன? ஒன்றுமே இல்லை. இதுதான் புதிதாக வருபவர்களுக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. ஓடை என்பது நேரத்துக்குப் பால் ஊற்ற வேண்டிய பூனை கிடையாது. ரீடர் அவ்வப்போது போய்ப் புதிதாக ஏதும் உண்டா என்று கேட்கிறது, ஒழுங்காக அமைத்த சர்வராக இருந்தால் மாற்றமில்லை என்பதற்கான 304 என்ற ஒற்றைப் பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். எழுதாத வலைப்பூ உங்கள் படிக்காத பட்டியலில் ஒரு வரியைக்கூடச் சேர்ப்பதில்லை. உங்கள் நேரத்தைத் தின்பது தினமும் நான்கு பதிவு போடுபவர். நீக்க வேண்டுமென்று கை அரித்தால் அங்கே நீக்குங்கள்.

இதில் இன்னொன்று. இந்தத் தவறை நாம் மட்டும் செய்வதில்லை. கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் பக்கவாட்டில் வைக்கும் வலைப்பூப் பட்டியலைக் கடைசியாக எழுதியவர் முதலில் வரும்படி அமைத்தால், அமைதியாக இருப்பவர் தானாகவே கீழே போய், ஐந்து பேர் மட்டும் தெரிந்தால் போதும் என்ற அமைப்பில் கண்ணிலிருந்தே மறைந்துவிடுவார். பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டிகளிலும் புதிய இடுகைக்குத்தான் முகப்பு. எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளை மறக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை எழுதும் ஆளுக்கு அந்த ஒருமுறை சொல்ல ஏதோ இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறார். வாரம் தவறாமல் எழுதுபவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அப்புறம், எழுதுவதை நிறுத்தியே விட்டவர்களின் பக்கங்களைத்தான் நான் இப்போது அதிகம் தேடுகிறேன். 2007, 2008 வாக்கில் எழுதிவிட்டுப் போனவர்களின் பிளாக்ஸ்பாட் (பிளாகரின் இலவச முகவரி) பக்கங்கள் நிறையவே இன்னும் அப்படியே இருக்கின்றன, காரணம் அங்கே யாரும் வருடாவருடம் டொமைனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சொந்த டொமைன் வாங்கி அக்கறையாகக் கட்டியவர்களின் தளங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. அந்தப் பழைய பக்கங்களின் ஓரத்தில் இருக்கும் சுட்டிப் பட்டியலில் பாதி உடைந்திருக்கும். மீதியை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பின்னூட்டங்களையும் விடாதீர்கள், அன்றைக்குப் பின்னூட்டம் போட்டவர்களில் பலர் தாங்களும் பதிவர்கள், பெயரைத் தொட்டால் அவர்கள் பக்கத்துக்குப் போகும்.

அமைதியும் பழுதும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 அல்லது 410 என்ற எண்ணை ரீடர் காட்டினால், அல்லது திடீரென்று சூதாட்டப் பதிவுகள் வந்தால், அந்த ஓடை உண்மையாகவே போய்விட்டது. அப்போதும் உடனே நீக்காமல், ஆள் வேறு முகவரிக்குக் குடிபோயிருக்கிறாரா என்று ஒருமுறை தேடிவிட்டு நீக்குங்கள்.

ஓடை இல்லை என்று முடிவு கட்டுவது

ஆரஞ்சு ஐகான் இல்லாவிட்டால் ஓடையே இல்லை என்று நினைக்கிறார்கள். வேர்ட்பிரஸ், பிளாகர், கோஸ்ட் போன்ற வலைப்பூ மென்பொருள்கள் எல்லாமே பதிவர் கேட்காமலேயே ஓடையை உருவாக்கிவிடும், அவருக்கே தெரிந்திருக்காது. முகப்பின் முகவரியை அப்படியே ரீடரில் ஒட்டுங்கள், பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

பட்டியலின் நகலை எடுத்து வைக்காமல் இருப்பது

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது, அறிவிப்பு வந்தது அதே வருடம் மார்ச்சில். இடையில் மூன்றரை மாதம் இருந்தும் பட்டியலை எடுக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். எந்த நல்ல ரீடரும் பட்டியலை, வேறு ரீடரிலும் ஏற்றிக்கொள்ளக்கூடிய ஓபிஎம்எல் கோப்பாகக் கொடுக்கும். மாதம் ஒருமுறை எடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய கோப்பு ஒன்று என்னிடம் இருந்திருந்தால் மேலே அவ்வளவு நீளமாகப் புலம்பியிருக்க மாட்டேன்.

பதிவருக்கு எழுதாமல் இருப்பது

எழுதுங்கள். பிடித்த பதிவைப் பற்றி இரண்டு வரி, கடைசியில் நீங்கள் யாரைப் படிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. பாசிகளைப் பற்றி மட்டுமே எழுதும் ஒருவருக்கு அப்படி எழுதினேன். ஐந்து வாரம் பதிலே இல்லை, பிறகு ஏழு முகவரிகள் வந்தன, ஒன்றும் பாசி பற்றியது இல்லை: பாலம் கட்டுபவர், குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவர், ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் மகள். ஏழில் நான்கு பேர் இரண்டு வருடமாக எதுவும் எழுதவில்லை. எல்லாரையும் சேர்த்துக்கொண்டேன்.