பாரிஸில் தனியாக மூன்று நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் என்றாலே ஜோடியாகப் போகிற ஊர் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. "தேனிலவு போகிற ஊருக்குத் தனியாகப் போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று என்னையும் நாலு பேர் கேட்டார்கள். போய்வந்த பிறகு சொல்கிறேன், தனியாகச் சுற்ற அதைவிடத் தோதான ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் கையில் இருப்பது மூன்றே நாள் என்றால் சில தவறுகள் அதில் பாதியைத் தின்றுவிடும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, செய்ன் நதியைக் கடைசிக்குத் தள்ளுவது. ஈஃபிள், லூவ்ர், மோன்மார்த்ர், வெர்சாய், முடிந்தால் டிஸ்னிலேண்ட் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, நதியைக் கடைசி இரவில் ஒரு மணி நேரப் படகில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஊரின் முதுகெலும்பே அந்த நதிதான். நோத்ர தாம் பேராலயம் நதிக்கு நடுவே தீவில் நிற்கிறது, லூவ்ர் அருங்காட்சியகம் வலக்கரையில், பழைய ரயில் நிலையத்துக்குள் 1986-ல் திறந்த ஓர்சே அருங்காட்சியகம் எதிர்க்கரையில், இன்னும் மேற்கே போனால் இடக்கரையில் ஈஃபிள். நோத்ர தாமிலிருந்து ஈஃபிள் வரை கரையோரமாகவே நாலைந்து கிலோமீட்டர்தான். வலக்கரையின் கீழ்ச்சாலையில் ஒருகாலத்தில் கார்கள் பறந்துகொண்டிருந்தன, 2016-க்குப் பிறகு அந்த இடம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் வந்துவிட்டது. போய் இறங்கிய அன்றே, தூக்கக் கலக்கத்தோடு அருங்காட்சியக வரிசையில் நிற்காமல், இந்த வழியில் நடந்துவிடுங்கள். பச்சை நிறப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்பவர்களைப் பார்த்துக்கொண்டே போய், போன் நஃப் பாலத்துக்குக் கீழே, தீவின் மேற்கு நுனியில் இருக்கும் சின்னத் தோட்டத்தில் உட்காருங்கள். போன் நஃப் என்றால் புதுப்பாலம் என்று பொருள், ஆனால் 1607-ல் முடிந்த அதுதான் இன்று நிற்கும் பாரிஸ் பாலங்களிலேயே பழையது. அங்கே உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தாலே ஊரின் வரைபடம் தலைக்குள் வந்துவிடும்.

படகு வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்போது ஏறுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான் ஜூன் மாதம் போனேன். விளக்கொளியில் ஊரைப் பார்க்கலாம் என்று இரவு எட்டு மணிப் படகுக்குச் சீட்டு வாங்கியிருந்தேன், ஏறி உட்கார்ந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. ஜூன் நடுவில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும், டிசம்பரிலோ ஐந்துக்கெல்லாம் இருட்டு. ஈஃபிள் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் மினுமினுக்கும். அதனால் போகிற மாதத்தின் அஸ்தமன நேரத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் இன்னொன்றும் உண்டு: மழை அதிகமானால் நதி ஏறி, கீழ்க்கரைகளை மூடிவிடுவார்கள், பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி குறைந்து படகுகளும் நின்றுவிடும். அல்மா பாலத்தில் ஒரு போர்வீரன் சிலை இருக்கிறது, தண்ணீர் அவன் காலில் இருக்கிறதா முழங்காலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் வெள்ளத்தை அளப்பார்கள். 1910 வெள்ளத்தில் தோள் வரை ஏறியதாம்.

அடுத்து பயணச் சீட்டு. நவிகோ வாரச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது, மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது, திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை இறங்கி வாங்கினால் அடுத்த திங்கள்தான் தொடங்கும், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். வார இறுதிப் பயணத்துக்கு நவிகோ ஈஸி அட்டையில் தனிச் சீட்டுகளை ஏற்றிக்கொள்வதே போதும். 2025 ஜனவரியில் கட்டண முறையையே மாற்றினார்கள். மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரு சீட்டு, பேருந்துக்கும் டிராமுக்கும் வேறு சீட்டு, ஒன்றை வைத்து மற்றதில் மாறி ஏற முடியாது. விமான நிலையத்துக்குத் தனிச் சீட்டு (அந்த ஆண்டு 13 யூரோ), சாதாரணச் சீட்டில் போனால் அபராதம்தான். வெளியே வரும்வரை அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், படியேறி வெளியே வருகிற இடத்திலும் சோதனை நடக்கும்.

விடுமுறை நாளைப் பார்க்காமல் திட்டம் போடுவதும் மூன்று நாள் பயணத்தில் பெரிய இழப்பு. லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள். ஈஃபிள் உச்சிக்கு ஏறுவதாக இருந்தால் சுமார் இரண்டு மாதம் முன்பே இணையத்தில் சீட்டு திறந்துவிடும், அப்போதே எடுங்கள். 2019 தீயில் எரிந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாமுக்குள் போகக் கட்டணமே கிடையாது, வெளியே யாராவது நுழைவுச் சீட்டு என்று விற்றால் வாங்காதீர்கள்.

சரி, தனியாகப் போகிறவர்கள் மட்டும் செய்கிற தவறுக்கு வருவோம். ஒற்றை ஆளாக உணவகத்தில் உட்காரக் கூச்சப்பட்டு, மூன்று நாளும் ரொட்டித் துண்டை அறையில் வைத்துச் சாப்பிடுவது. பாரிஸ் காஃபிக் கடைகளின் வாசல் நாற்காலிகளைக் கவனியுங்கள், எல்லாம் தெருவைப் பார்த்தே போட்டிருக்கும். ஊர்க்காரர்களே ஒரு காஃபியை வைத்துக்கொண்டு தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே போனதும் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அதைச் சொல்லாமல் நேராக ஆங்கிலத்தில் கேட்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு, பாரிஸ்காரர்கள் சிடுசிடுப்பு என்று வருகிற புகாரில் பாதி இதனால்தான் என்பது என் எண்ணம். மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடியுங்கள், பல இடங்களில் இரண்டரைக்குச் சமையலறையை மூடினால் மாலை ஏழுக்குத்தான் திறக்கும். குடிக்க 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சைவம் என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கலாம், மீனையும் சேர்த்தே மறுத்துச் சொல்லுங்கள். நாக்கு செத்துப்போனால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லாச்சப்பல் இருக்கிறது. ஈழத்திலிருந்து போனவர்கள் உருவாக்கிய கடைத்தெரு, தோசையும் கொத்து ரொட்டியும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

தனி ஆளைத்தான் ஏமாற்றுக்காரர்கள் முதலில் குறிவைப்பார்கள். சாக்ரே கேர் ஆலயப் படிக்கட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து என் விரலில் கயிறு கட்டத் தொடங்கினார், கட்டி முடித்ததும் காசு கேட்டு விடவில்லை. கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்காமல் நடப்பதுதான் வழி. மனுவில் கையெழுத்துக் கேட்பவர்கள், நதிக்கரையில் தங்க மோதிரம் கிடந்தது என்று காட்டுபவர்கள், பாலத்தில் குவளைக்கடியில் பந்து ஒளிக்கிற சூதாட்டம், எல்லாம் இதே ரகம். மெட்ரோவில் கதவுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசி பார்க்காதீர்கள். கதவு மூடுகிற நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள், கூட ஆள் இல்லாதபோது வழி, சீட்டு, பணம் எல்லாமே அந்த ஒரு கருவியில்தான் இருக்கும். விடுதி முகவரியைத் தாளில் எழுதி வேறு பையில் வையுங்கள். முகவரியின் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணில் கடைசி இரண்டு எந்த வட்டாரம் என்று சொல்லிவிடும், 75004 என்றால் நான்காம் வட்டாரம், நதியை ஒட்டியது. தங்க இடம் பார்க்கும்போதும் இதை வைத்தே பாருங்கள். விலை குறைவு என்று தள்ளிப்போய் எடுத்தால் இரவில் தனியாக மெட்ரோ மாறி மாறித் திரும்ப வேண்டும், நான்கு, ஐந்து, ஆறு போன்ற வட்டாரங்கள் என்றால் கரையிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து வழி தெரியாமல் நின்றால் பதறாதீர்கள், வீட்டு எண்களைப் பாருங்கள். 1805-லிருந்து இருக்கும் ஏற்பாடு இது: நதிக்குக் குறுக்காகப் போகும் தெருக்களில் எண் நதிப்பக்கத்திலிருந்து தொடங்கும், நதிக்கு இணையான தெருக்களில் ஓட்டத்தோடு கூடிக்கொண்டே போகும், அதாவது ஈஃபிள் இருக்கும் மேற்குப் பக்கமாக. குறுக்குத் தெரு ஒன்றில் எண் குறைகிற திசையில் நடங்கள், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெரியும்.