குட்டிச் சுருட்டுக்கு அவசரம் ஆகாது

கியூபாவின் பார்த்தகாஸ் ஷார்ட்ஸ் என்ற சுருட்டு 110 மி.மீ. நீளம்தான். சின்னது என்பதாலேயே பலர் வேகமாக இழுத்துக் கெடுத்துவிடுகிறார்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தில் 2 மி.மீ. மட்டும் வெட்டி, பற்றவைக்கும் முன் சும்மா ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று லேசாக வந்தால் சரி. அடைத்துக்கொண்டால், சுற்றியவர் இலையை அதிகம் திணித்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்புறம் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அதற்கு மேல் போனால் சூடேறி, கரிச்சுவைதான் மிஞ்சும். புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயிலேயே சுழற்றுங்கள் (அப்படியும் வாய்ப்புற்றுநோய் ஆபத்து உண்டு). கொஞ்சத்தை மூக்கு வழியே விட்டால் மிளகுக் காரம் பிடிபடும். முதல் அங்குலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நடுப்பகுதிதான் நிஜ ருசி. கடைசியில் கசப்பு தட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், தலை கிறுகிறுக்கும்.