பழைய மல்டிமீட்டர் கணினியோடு பேச மறுத்தால்

எச்பி 34401ஏ என்ற ஆறரை இலக்க மேசை மல்டிமீட்டர் ஒன்றைப் பழசாக வாங்கினேன். பின்புறம், கணினியோடு இணைக்க ஜிபிஐபி (அளவீட்டுக் கருவிகளுக்கான இணைப்பு), ஆர்எஸ்-232 (பழைய சீரியல் போர்ட்) இரண்டும் இருந்தன. ஜிபிஐபி-க்குத் தனிக் கருவி வேண்டும், விலையும் அதிகம். ஆர்எஸ்-232 போதும் என்று இறங்கினேன். இரண்டு மாலைப்பொழுதுகள் போயின.

முதலில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ளதையே வாங்குங்கள், டிரைவர் தொல்லை குறைவு. ஆர்டுயினோவுக்குப் பயன்படுத்தும் 5 வோல்ட் டிடிஎல் போர்டை (0 முதல் 5 வோல்ட் வரையிலான சிக்னலுக்கானது) நேரடியாகச் செருகாதீர்கள். ஆர்எஸ்-232-இல் மைனஸ் வோல்டேஜும் வரும், போர்டு போய்விடும்.

அப்புறம் புட்டியை (சீரியல் போர்ட்டில் கட்டளை தட்ட உதவும் டெர்மினல் மென்பொருள்) திறந்து, அடாப்டரின் 2, 3 பின்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஏதாவது தட்டுங்கள். லோக்கல் எக்கோ, அதாவது தட்டுவதைப் புட்டி தானே திரையில் காட்டும் வசதி, அணைந்திருக்க வேண்டும். தட்டியது திரும்பி வந்தால் கணினிப் பக்கம் சரி. இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போய், நன்றாக இருந்த டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன்.

மீட்டரின் ஐ/ஓ மெனுவில் இன்டர்ஃபேஸை ஆர்எஸ்-232 ஆக்குங்கள். பேக்டரி செட்டிங் 9600 பாட், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். புட்டி 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்திருக்கும். புட்டியில் இவற்றை மீட்டருக்கு ஏற்ப மாற்றுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலையும் 'நன்' ஆக்குங்கள். மீட்டர் எக்கோ செய்யாது, அதனால் இப்போது லோக்கல் எக்கோ தேவை.

என்னைக் கவிழ்த்தது கேபிள். மீட்டரும் கணினியும் ஒரே வகை முனை, ஆகவே 2-ம் 3-ம் குறுக்காகப் போகும் நல்-மோடம் கேபிள் வேண்டும். அதை நானே மூன்று கம்பியில் சாலிடர் செய்தேன்: 2, 3, 5. கட்டளை போனது, பதில் மட்டும் வரவில்லை. மீட்டர் 6-ஆம் பின்னைப் பார்க்கும், அது டிஎஸ்ஆர்; 4-ஆம் பின் 'நான் தயார்' என்று வெளியே சொல்லும் டிடிஆர். எதிர்முனை தயார் என்று அங்கே சிக்னல் வராதவரை வாயே திறக்காது. 4-க்கும் 6-க்கும் குறுக்குக் கம்பி போட்ட முழு கேபிள்தான் சரி. அவசரத்துக்கு, மூன்று கம்பிக் கேபிளில் மீட்டர் பக்க கனெக்டரின் 4, 6 பின்களை ஒன்றோடொன்று இணைத்தாலும் போதும். நான் அப்படித்தான் செய்தேன், அடுத்த நொடியே பதில் வந்தது.

நட்சத்திரக் குறி, ஆங்கிலத்தில் ஐ-டி-என், கேள்விக்குறி. இதை அனுப்பினால் மீட்டர் தன் பெயரைச் சொல்லும். அளவீடு கேட்குமுன் எஸ்-ஒய்-எஸ்-டி, முக்காற்புள்ளி, ஆர்-இ-எம் அனுப்ப வேண்டும்; மீட்டரைக் கணினியின் கட்டுப்பாட்டுக்கு மாற்றும் கட்டளை இது. ஆர்எஸ்-232-இல் இது கட்டாயம். மறந்தால் 550 என்ற பிழை எண் வரும், லோக்கலில், அதாவது முன்பக்கப் பொத்தான்களின் கட்டுப்பாட்டில் இருக்கும்போது, கட்டளை ஏற்க முடியாது என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் பதில் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். புட்டியில் என்டர் தட்டினால் சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன்) என்ற வரிமுடிவுக் குறி மட்டுமே போகும், மீட்டர் எதிர்பார்ப்பது எல்எஃப் (லைன் ஃபீட்). நான் பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி எல்எஃப்-ஐயும் சேர்த்தே அனுப்பியதால் இது கண்ணில் படவே இல்லை. கட்டளை முடிவில் என்டருக்குப் பதிலாக கன்ட்ரோல்-ஜே தட்டுங்கள், அது எல்எஃப்-ஐ அனுப்பும்.

இன்னொன்று, உபுண்டுக்காரர்களுக்கு. போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்-அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து வாருங்கள்.