ஆற்றில் புதைந்த உழவு இயந்திரத்தைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தல்

வன்னியின் கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு, பேராறு எல்லாம் மார்கழியில் கரைபுரண்டு, ஆடி ஆவணியில் மணலும் மடுக்களுமாகச் சுருங்கிவிடும். தாம்போதியை (ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாதையை) கடக்கும்போது வெள்ளம் அடித்துச் சென்றவை, மணல் ஏற்றப்போய்த் தாழ்ந்தவை, 2009 போர்க்கால இடப்பெயர்வில் கைவிடப்பட்டவை என்று பல வாகனங்கள் வெளித்தெரிவது அந்த நாள்களில்தான். எடுக்கும் வேலையையும் செப்டெம்பருக்குள் முடித்துவிட வேண்டும். ஒக்டோபர் மழை வந்தால் தோண்டிய குழி ஓர் இரவில் மூடிவிடும். மேலே குளம் இருந்தால், வான்கதவு திறக்கும் எண்ணம் உண்டா என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு இரண்டு வேகம் உண்டு. வாகனம் வெளியே வரும்வரை அவசரமே வேண்டாம். சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடக்கும் இரும்பு இன்னொரு மாதம் கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. நனைவதும் காய்வதுமாக இருக்கும் நீர்மட்டப் பகுதிதான் அதிகம் அரிபடும். ஆனால் வெளியே வந்து காற்றுப் பட்டதும் மணித்தியாலக் கணக்கில் துரு ஏறும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கண்ட அன்றே இழுத்தெடுத்து, பிறகு வாரக்கணக்கில் முற்றத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்வதற்கு அதை ஆற்றிலேயே விட்டிருக்கலாம்.

தேடும்போது தாம்போதிக்குக் கீழ்ப்பக்கமும், ஆறு வளையும் இடத்தின் உட்பக்கமும் பாருங்கள். நீரோட்டம் ஒரு தடையைச் சந்தித்தால் அதன் முன்னும் பக்கமும் குழி பறித்து, பின்னால் வால்போல மணலைக் குவிக்கும். மரமோ பாறையோ இல்லாத இடத்தில் அப்படிக் குழியும் குவியலும் இருந்தால் கீழே ஏதோ இருக்கிறது. நீரின்மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் மேற்பரப்பை மட்டும் கலக்கிப் பாருங்கள். இரும்புச் சத்துள்ள நீரில் நுண்ணுயிர்களால் உண்டாகும் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். டீசலோ ஒயிலோ என்றால் திரும்பவும் ஒன்றுசேரும்.

வேறு ஊர்களில் அடுத்த வேலை கம்பி குத்திப் பார்ப்பது, அல்லது காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுப்பது. வன்னியில் இரண்டையும் செய்யக்கூடாது. கரையில் கண்ணிவெடி அகற்றப்பட்டிருந்தாலும் வெள்ளம் எறிகணைகளை உருட்டிக்கொண்டு வந்து மடுவில் போட்டிருக்கும். உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிக் கைவிடப்பட்ட பெட்டிக்குள்ளேயே வெடிபொருள் கிடக்கவும் கூடும். இடத்தைத் தொலைவிலிருந்து அடையாளம் வைத்து, போன வழியாலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள். 119 எந்த நேரமும் இயங்கும். ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் ஆள்கள் அருகில் வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம். இடம் பாதுகாப்பானது என்று அவர்கள் சொல்லும்வரை மண்வெட்டி இறங்கக்கூடாது. தோண்டும்போது மனித எச்சம் எதுவும் தென்பட்டால் எதையும் அசைக்காமல் அந்தக் கணமே வேலையை நிறுத்தி, பொலிசுக்கு அறிவியுங்கள். அது நீதவானின் உத்தரவோடு நடக்க வேண்டிய காரியம். அந்த இடத்தில் எங்கோ ஒரு குடும்பம் எதிர்பார்த்திருக்கும் பதில் இருக்கலாம்.

பொலிசில் முறைப்பாடு பதிவதற்கு இன்னொரு காரணம் உரிமை. கைவிடப்பட்டது என்பதால் கண்டவருக்குச் சொந்தமாகிவிடாது. சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எடுத்துக் கொடுத்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உரிமையாளரைத் தேடலாம். மசி பேர்கசன் உழவு இயந்திரத்தில் எஞ்சின் இலக்கம் எஞ்சின் உடம்பில் டீசல் பம்ப் இருக்கும் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கும். தகடு போயிருந்தாலும் அது பெரும்பாலும் தப்பியிருக்கும். கம்பி பிரஷால் உரஞ்சாமல் டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள். கிராம சேவையாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கோடையில் வற்றும் மடுக்களில் முதலைகள் ஒதுங்கும் என்பதையும், காய்ந்த பாகங்களுக்குள் புடையன் பாம்பு கிடக்கும் என்பதையும் மறந்து உள்ளே கையை விடவேண்டாம்.

இனித் தோண்டுதல். மசி பேர்கசன் 240 இரண்டு தொன்னுக்குக் கிட்ட நிறை. உருளக்கூடிய நிலையில், நான்கடிக்கு ஓரடி ஏறும் சரிவில் பலகை போட்டு இழுத்தால் ஏறத்தாழ ஒரு தொன் இழுவை போதும். அதையே புதைந்தபடி இழுத்தால் அதன் நிறையைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். காரணம் நிறை அல்ல, உறிஞ்சல். சில்லுக்கும் எஞ்சின் அடிக்கும் கீழே சேறு காற்றுப் புகாமல் ஒட்டியிருப்பதால், மேலே தூக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகிக் கீழே இழுக்கும். இயந்திரம் வராமல் முன் அச்சு மட்டும் கழன்று வருவது இதனால்தான்.

முதலில் பெட்டியைக் கழற்றுங்கள். ஒரு கியூப் (நூறு கன அடி) ஈர மணல் ஐந்து தொன் வரும், ஆகவே பெட்டியை இணைக்கும் ஆணியைத் தட்டுவதற்கு முன் மணலை அள்ளி வெறுமையாக்க வேண்டும். எயார் கிளீனர் வாயையும் சைலன்சரையும் துணி அடைத்துப் பொலித்தீனால் கட்டுங்கள். டீசல் தாங்கியைக் கைப்பம்பால் வெறுமையாக்கி, மிஞ்சுவதை உமியில் உறிஞ்சி எடுங்கள். கீழே குளித்து, குடித்து வாழும் சனம் இருக்கிறது.

குழியின் ஓரத்தில், அடியைவிட ஆழமாக, துளையிட்டுச் சாக்குச் சுற்றிய ஒரு பெறலை இறக்கி அதற்குள்ளிருந்து நீரை இறைத்தால் மணல் பம்புக்குள் போகாது. குழியின் சுவரை நிமிர்த்தி வெட்டாதீர்கள். ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி அகலமாவது சரித்து வெட்டுங்கள். ஈர மணல் எச்சரிக்கை இல்லாமல் சரியும். இடுப்புக்கு மேல் ஆழமான குழியில் தனியாக யாரும் நிற்கக்கூடாது, இயந்திரத்தின் அடியில் ஆள் நுழையவே கூடாது. பின் சில்லுகளின் பாதிக்குக் கீழ்வரை தோண்டியதும், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் 2 அங்குல பம்பின் குழாயில் ஓர் அங்குலக் குழாயைப் பொருத்தி, சில்லு, பின் அச்சு, சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) இவற்றின் அடிக்கு நீரைப் பாய்ச்சுங்கள். சேறு கஞ்சியாகி ஒட்டுதல் விடும். இந்த ஒரு வேலை பத்துப் பேர் இழுப்பதற்குச் சமம்.

கயிறு கட்ட உகந்தவை டிரோபாரும் (பின்னால் பெட்டியைப் பூட்டும் சட்டம்), முன் அச்சைத் தாங்கும் வார்ப்பும், பின் அச்சுக் கூடும். ஸ்டியரிங் தண்டிலோ ஹைட்ரோலிக் கைகளிலோ றிம்மிலோ கட்டினால் கட்டிய பாகம் மட்டும்தான் கரைக்கு வரும். கரையில் பெரிய மருது இருந்தால் பட்டை வெட்டுப்படாதபடி பழைய ரயர்த் துண்டைச் சுற்றி அதில் கட்டலாம். மரம் இல்லாவிட்டால் ஆறடி பனங்குற்றியை இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஐந்தடி ஆழத்தில் புதைத்து, கயிறு வெளிவரச் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டி, மண்ணை இறுக்கி நிரப்புங்கள். புதிய 12 மில்லிமீற்றர் வயர் றோப் ஏழு தொன்னுக்கு மேல்தான் அறும். ஆனால் அதன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தாதீர்கள். இயந்திரத்தில் ஒரு கப்பியைக் கட்டிக் கயிற்றை மடித்து விட்டால் கயிற்றின் சுமை பாதியாகும். நைலோன் கயிறு வேண்டாம்: இழுபட்டு நீளும், அறுந்தால் ஆளை வெட்டும். வயர் றோப்பின் நடுவிலும் ஈரச் சாக்குகளைப் போட்டு, கயிற்றின் நீளத்தளவு தூரத்துக்கு எல்லாரையும் விலக்குங்கள்.

மூன்று தொன் லீவர் புளொக் (கைப்பிடியை நெம்பிச் சங்கிலியை இழுக்கும் கருவி) இருந்தால் அதுவே நல்லது, மெதுவாகவும் கட்டுப்பாட்டோடும் இழுக்கும். இன்னொரு உழவு இயந்திரத்தால் இழுக்க நேர்ந்தால் கயிறு அதன் டிரோபாரில், அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். மேல் இணைப்பில் கட்டினால் முன் சில்லு எழும்பி, கிளச்சை மிதிக்கவும் நேரமில்லாமல் ஓட்டுநர்மேல் மல்லாந்துவிடும். குலுக்கி இழுப்பது, ஓடிவந்து இழுப்பது இரண்டும் வேண்டாம். கயிறு இறுகியதும் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். நீர் மெல்ல அடியில் புகுந்து உறிஞ்சலை விடுவிக்கும். பிறகு அங்குலம் அங்குலமாக வரும். பிரேக் இறுகிச் சில்லு சுழலாவிட்டால் ஒயில் பூசிய பலகையில் சறுக்கிக் கொண்டுவரலாம்.

மடு வற்றாமல் இயந்திரம் மூழ்கும் ஆழத்தில் கிடந்தால் 200 லீற்றர் பெறல்கள் உதவும். அடைத்த ஒரு பெறல் முழுதாக அமிழ்ந்திருந்தால் 180 கிலோவளவு தூக்கும். இரு பக்கமும் சமமாகக் கட்டாவிட்டால் இயந்திரம் புரண்டுவிடும்.

கரைக்கு வந்ததும் வேகம் மாறுகிறது. நாயாற்று, நந்திக்கடல் பக்கத்து உவர்நீரில் கிடந்தது என்றால் அன்றே நல்ல நீரால் மணிக்கணக்கில் கழுவுங்கள். சாவி போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் நிற்கும் நீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். டீசலைப் பீச்சும் மூன்று இன்ஜெக்ரர்களையும் கழற்றி, கிராங்க் தண்டின் முனையிலுள்ள கப்பியை ஸ்பானரால் கையால் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். சுற்றாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலும் ஒயிலும் சமமாகக் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள்.

சம்பின் அடியில் முதலில் வருவது நீர்தான். எல்லாம் வடிந்ததும் மலிவான ஒயில் ஏழு லீற்றருக்குக் கிட்ட விட்டு, எஞ்சின் கையால் சுற்றும் நிலைக்கு வந்தபின் சில நிமிடம் கையால் சுற்றி வடியுங்கள். பால்போல் வந்தால் இன்னும் நீர் இருக்கிறது. நிறம் தெளியும்வரை மாற்றுங்கள். கியர்ப் பெட்டியையும் பின் அச்சையும் மறக்கக்கூடாது. மசி பேர்கசனில் ஹைட்ரோலிக் பம்ப் அதே ஒயிலுக்குள்தான் அமிழ்ந்திருக்கிறது, முப்பது லீற்றருக்கு மேல் பிடிக்கும். எஞ்சினைக் காப்பாற்றி ஹைட்ரோலிக்கை இழப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

டீசல் பம்பை வீட்டில் பிரிக்காதீர்கள். சுத்தமான டீசலை உள்ளே நிரப்பி, வாய்களை அடைத்து, அதே வாரத்தில் பம்ப் சோதிக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே மயிரிழை இடைவெளியில் சுழலும் பாகங்களில் துரு ஒட்டினால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. டைனமோவையும் ஸ்ராட்டரையும் கழுவி நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, புதிய புஷ், பிரஷ் போடலாம். பற்றரியைத் திருத்த முயலவேண்டாம். முன் சில்லுப் பெயரிங்குகளின் கிறீஸ் முழுதும் மணலாகியிருக்கும். கழுவி, கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த இயந்திரத்தில் எஞ்சின் தேறாவிட்டாலும் பின் அச்சுக் கூடும் கியர்ச் சக்கரங்களும் பெரும்பாலும் உதவும். ஓடத் தொடங்கியபின் பத்து மணித்தியால உழைப்பில் எல்லா ஒயிலையும் பில்டர்களையும் இன்னொரு தடவை மாற்றுங்கள். மடிப்புகளில் ஒளிந்திருந்த நீர் அப்போதுதான் வெளியே வரும்.