ராத்திரி வெந்நீர்ப் பை, காலையில் குடிநீர்

நேபாளத்தில் அன்னபூர்ணா, எவரெஸ்ட் பக்கம் குழுவை மலைநடை கூட்டிப் போகிறீர்களா? பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் விடுதிச் சமையலறையில் ஆளுக்கு ஒரு லிட்டர் கொதித்த நீரைக் காசு கொடுத்து வாங்கி, எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பி மூடியை இறுக்கி, ஒரு காலுறைக்குள் போட்டு, தூங்கும் பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) வைத்துக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். (துவைத்த காலுறை!) இரவெல்லாம் கால் சூடு, விடிந்தால் உறையாத குடிநீர்.

மேலே ஏற ஏற பாட்டில் விலையும் ஏறும். ஆளோ கோவேறு கழுதையோ சுமந்துதானே வர வேண்டும்? காலி பாட்டிலைக் கீழே கொண்டுபோக எளிதில் ஆள் கிடைக்காது. எவரெஸ்ட் வழியில் 5,164 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோரக்ஷெப் ஊரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவாயிற்றே என்று பயப்பட வேண்டாம், கிருமி சாக அதுவே போதும்.

ஃபிளாஸ்க் சூட்டை வெளியே விடாது, அது உதவாது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் நெளிந்துவிடும். சூரிய ஹீட்டரில் வரும் வெந்நீர் கொதித்ததல்ல, குடிக்கக் கூடாது. விறகடுப்பு விடுதியென்றால் இதற்காக மரத்தை எரிக்க வைக்காமல் குளோரின் மாத்திரை போடுங்கள். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், குளிரில் இன்னும் கூடுதலாக.