தோற்கிற அணியின் அடுத்த ஆறு வருடத்தை ஒரே தாளில் எழுதுவது எப்படி

2023 அக்டோபரில் அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் 2025 ரோஸ்டர் (ஆட்டக்காரர் பட்டியல்) எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்த வருடம் 101 ஆட்டம் ஜெயித்த அணி. பிளே ஆஃபில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் மூன்றே ஆட்டத்தில் சுருட்டி அனுப்பிவிட்டது, ஆனாலும் என்ன, ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) ஆடுகிற குன்னர் ஹெண்டர்சனுக்கு 22 வயது, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) ஆட்லி ரட்ச்மனுக்கு 25, கீழே மைனர் லீக் என்ற பயிற்சி லீக்கில் இன்னும் ஒரு வரிசைப் பையன்கள் நிற்கிறார்கள். 2025 என்ற கட்டத்துக்குக் கீழே "கோப்பை" என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். 2025 வந்தது. 75 வெற்றி, 87 தோல்வி, தன் பிரிவில் கடைசி இடம், மே மாதமே மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பிராண்டன் ஹைடை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

தாளைக் கிழித்துப் போடாமல் எங்கே கோட்டை விட்டேன் என்று உட்கார்ந்து பார்த்தேன். இந்த வழிகாட்டி அதிலிருந்து வந்ததுதான். உதாரணமெல்லாம் ஓரியோல்ஸ். ஆனால் விதிகள் மேஜர் லீக் என்ற மேல்மட்ட லீக்கின் முப்பது அணிக்கும் ஒன்றே, உங்கள் அணி பிட்ஸ்பர்காக இருந்தாலும் மயாமியாக இருந்தாலும் இதே மாதிரி போடலாம்.

சரி, தாள். ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வையுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக கேட்சர், மூன்று பேஸ் காப்பவர்கள், ஷார்ட் ஸ்டாப், மூன்று அவுட்ஃபீல்டர், அதற்குக் கீழே ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்து எறிபவர்) ஐந்து பேர், கடைசியில் குளோசர் (ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்சர்). மேலே இந்த வருடம் தொடங்கி ஆறு வருடங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனாவைத் தொடாதீர்கள். எல்லாரும் இன்றைய ரோஸ்டரை முதல் கட்டத்தில் எழுதிவிட்டு இடமிருந்து வலமாகப் போவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். தப்பு. வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவன் எப்போது வருவான் என்பதைவிட எப்போது போவான் என்பதுதான் உறுதியாகத் தெரிகிற விஷயம்.

கணக்கு இப்படி. மேஜர் லீக் ரோஸ்டரில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். ஆறு வருடம் சேர்ந்தால் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம் (2025-ல் 7,60,000 டாலர்), அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன், அதாவது அணியும் ஆட்டக்காரரும் ஆளுக்கொரு தொகை சொல்லி ஒத்துவராவிட்டால் நடுவர்கள் முடிவு செய்வார்கள். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். இங்கே பதினெட்டு வயதில் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது) எடுக்கப்பட்ட பையன் எந்த ஊரில் ஆடுவான் என்பதைப் பத்து வருடத்துக்கு அவனைத் தவிர மற்ற எல்லாரும் முடிவு செய்வார்கள்.

சீசன் மொத்தமே 186 நாள் போலத்தான் ஓடும். அதனால் ஒரு பையனை ஏப்ரலில் இரண்டு மூன்று வாரம் கீழேயே உட்கார வைத்தால் அந்த வருடம் முழு வருடமாகக் கணக்கில் வராது, அணிக்கு ஏழாவது வருடம் ஓசியில் கிடைக்கும். பல அணிகள் வெட்கமில்லாமல் இதைச் செய்துவந்தன. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள்: வருடத்தின் சிறந்த புதுமுகம் ஓட்டெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், நாள் குறைந்தாலும் முழு வருடம் கொடுக்கப்படும். ரட்ச்மன் 2022 மே 21-ல்தான் முதல் ஆட்டம் ஆடினார், ஆனால் ஓட்டெடுப்பில் இரண்டாவது வந்தார், முழு வருடமும் கிடைத்தது. ஆகவே அவருடைய கடைசிக் கட்டம் 2027தான், 2028 அல்ல. ஹெண்டர்சன் 2022 ஆகஸ்ட் 31-ல் வந்தார், அந்த ஒரு மாதம் கணக்கில் பெரிதாக ஏறவில்லை, அவருக்கு 2028 வரை. இந்த இரண்டு எண்ணையும் தாளில் எழுதிப் பாருங்கள், வயிற்றைப் பிசையும். அந்தப் பிசைவு வந்தால் தாள் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

போகிற தேதியை அழிக்க ஒரே வழி நீண்ட ஒப்பந்தம். 2025 ஆகஸ்டில் சாமுவேல் பசாயோ என்ற 21 வயது கேட்சர் முதல் ஆட்டம் ஆடி ஒரு வாரம்கூட ஆகவில்லை, எட்டு வருடத்துக்கு 67 மில்லியன் டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது கேட்சர் வரிசையைப் பாருங்கள்: ரட்ச்மன் 2027-ல் முடிகிறார், பசாயோ 2033 வரை நீள்கிறார். அணி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் தாள் சொல்லிவிட்டது.

அடுத்தது நடுக் கட்டங்கள். அதற்கு மைனர் லீக்கைப் பார்க்கத் தெரிய வேண்டும். நான்கு படிகள், லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. ஜாக்சன் ஹாலிடே 2022 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2023 என்ற ஒரே வருடத்தில் டெல்மார்வா, ஆபர்தீன், போவி, நார்ஃபோக் என்று நான்கு படியும் ஏறினார், அப்போது வயது 19. அதைப் பார்த்து நான் 2024 கட்டத்தில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். 2024 ஏப்ரல் 10-ல் மேலே வந்தார். 34 முறை பேட் செய்து இரண்டே ஹிட் (பந்தை அடித்து பேஸை அடைவது), இரண்டே வாரத்தில் நார்ஃபோக்குக்குத் திரும்பிப் போனார். அப்போது என்னோடு வேலை பார்த்த ஒருவர் "பையன் அவ்வளவுதான்" என்றார். ஜூலை 31-ல் திரும்பி வந்தார், அன்றே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார். ஆகவே கீழே எவ்வளவு வேகமாக ஏறினாலும் மேலே முதல் வருடத்தை அரைக் கட்டமாகவே போடுங்கள். நான் சின்ன முக்கோணம் போடுகிறேன், இரண்டாவது வருடத்தில்தான் பெயர்.

ஆப்ஷன் என்று ஒன்று உண்டு, அதையும் ஓரத்தில் குறியுங்கள். அணியின் நாற்பது பேர் கொண்ட முதன்மைப் பட்டியலில் இருக்கிறவனை மைனர் லீக்குக்கு இறக்க அணிக்கு மூன்று சீசன் உரிமை. மூன்றும் தீர்ந்த பிறகு இறக்க வேண்டுமென்றால் மற்ற அணிகள் அவனைத் தூக்கிக்கொண்டு போக வாய்ப்புத் தர வேண்டும். சுமாரான ஆட்டக்காரன் ஏன் இன்னும் பெஞ்சில் இருக்கிறான் என்ற கேள்விக்கு பாதி நேரம் இதுதான் பதில். அப்புறம் டிசம்பரில் ரூல் 5 டிராஃப்ட், கீழே வருடக்கணக்கில் கிடந்தும் நாற்பதில் சேர்க்கப்படாதவர்களை மற்ற அணிகள் கொத்திக்கொண்டு போகலாம். சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆன்டனி சாந்தாண்டேரை ஓரியோல்ஸ் 2016 டிசம்பரில் க்ளீவ்லேண்டிடமிருந்து இப்படித்தான் எடுத்தது, 2024-ல் அவர் 44 ஹோம் ரன் அடித்தார்.

இப்போது என் தாளின் ஓட்டைக்கு வருகிறேன். கீழ் ஆறு வரிசை. 2023-ல் நான் எழுதிய தாளில் பேட்டர் வரிசைகள் எல்லாம் நிரம்பி வழிந்தன, சில கட்டத்தில் மூன்று பெயர். பிட்சர் வரிசையில் 2025-க்கு நேராக இரண்டு பெயர், ஒரு கேள்விக்குறி, மிச்சம் வெள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தும் கண்ணில் படவில்லை! அது தற்செயலும் இல்லை. மைக் எலியஸ் 2018 இறுதியில் அணியின் பொது மேலாளராகப் பொறுப்பேற்றதிலிருந்து 2024 வரை ஆறு டிராஃப்டிலும் முதல் சுற்றில் ஒரு பிட்சரைக்கூட எடுக்கவில்லை. அவருடைய வாதம் எனக்குப் புரிகிறது, பிட்சரின் முழங்கை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, பேட்டரை வளர்த்துவிட்டு பிட்சரை வெளியே வாங்கிக்கொள்ளலாம். 2024-க்கு கார்பின் பர்ன்ஸை அப்படித்தான் வாங்கினார்கள். ஆனால் அவர் ஒரு வருட ஆள், சீசன் முடிந்ததும் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அதே 2024 ஜூனில் கைல் பிராடிஷுக்கு முழங்கையில் டாமி ஜான் என்ற தசைநார் அறுவை, அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே குளோசர் ஃபேலிக்ஸ் பவுடிஸ்டாவுக்கும் அதே. 2025-ன் ஆரம்பத்தில் நாற்பத்தொரு வயது சார்லி மார்ட்டனை அனுப்பிப் பந்து போடச் சொன்னார்கள்.

அதனால் என் புது விதி: பிட்சர் வரிசைக்கு ஐந்து கட்டம் என்றால் எட்டுப் பெயர் வேண்டும். ஒருவருக்கு டாமி ஜான் என்றால் ஒன்றேகால் வருடத்தைக் கருப்பாக்கிவிடுங்கள். எட்டுப் பெயர் இல்லாத இளம் அணியைப் பார்த்து "வருங்காலம் பிரகாசம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

டிரேடு நடந்த அன்று தாளைத் திருத்துங்கள், தீர்ப்பு மட்டும் எழுதாதீர்கள். 2024 ஜூலையில் கைல் ஸ்டவர்ஸ், கானர் நார்பி இருவரையும் மயாமிக்குக் கொடுத்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். அவர் வந்து நான்கு ஆட்டம் சொதப்பி ட்ரிபிள் ஏ போனார், ஊரே திட்டியது, நானும்தான். 2025-ல் ஸ்டவர்ஸ் ஆல் ஸ்டார் ஆனபோது இன்னும் திட்டினோம். அதே 2025-ல் ராஜர்ஸ் 18 ஆட்டம் தொடங்கி 1.81 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன், குறைந்தால் நல்லது), அந்த வருடம் பார்க்கும்படியாக இருந்த சில விஷயங்களில் ஒன்று.

இனி ரசிகர் கூட்டம். இது தனி வேலை என்று நினைப்பவர்கள் பலர், மார்க்கெட்டிங் ஆட்களிடம் விட்டுவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதே தாள்தான். 2018-ல் 115 தோல்வி, 2019-ல் 108, 2021-ல் 110, அந்த ஆகஸ்டில் தொடர்ந்து 19 தோல்வி. 2019-ல் சீசன் முழுக்க மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர்தான். அந்த வருடங்களில் விடாமல் இருந்தவர்கள் மேலே நடந்த ஆட்டத்தைப் பார்த்து இருக்கவில்லை, கீழே யார் ஏறுகிறார்கள் என்று பார்த்து இருந்தார்கள். ரட்ச்மனின் முதல் ஆட்டத்தன்று, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் போய் நின்றவர் உடனே உட்காரவில்லை, மைதானத்தை ஒரு சுற்று நிமிர்ந்து பார்த்தார், மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. அன்று அணி தோற்றது. யாரும் அதை நினைவு வைத்திருக்கவில்லை.

ஆகவே ஒரு ஆளைப் புதிதாக ரசிகராக்க வேண்டுமென்றால் பெரிய மைதானத்துக்குக் கூட்டிப்போய் விதிகளை விளக்காதீர்கள். முதலில் மைனர் லீக். டிக்கெட் மலிவு, பார்க்கிங் தலைவலி இல்லை, பிட்சர் கையுறைக்குள் முணுமுணுப்பதுகூடத் தெரிகிற தூரத்தில் உட்காரலாம், பல மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை பேஸ் சுற்றி ஓட விடுவார்கள். "அந்த ஏழாம் நம்பர் பையனைப் பாரு" என்று ஒரே ஒருவனைக் காட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து அவன் மேலே வரும்போது உங்கள் நண்பர் தானாக டிவி முன்னால் இருப்பார்.

அணியை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியதில் முதலாவது, குழந்தைகளிடம் காசு கேட்காதீர்கள். 2018-ல், அணி மண்ணோடு மண்ணாகக் கிடந்த வருடத்தில், ஓரியோல்ஸ் ஒரு திட்டம் கொண்டுவந்தது: மேல் அடுக்கில் ஒரு பெரியவர் டிக்கெட் வாங்கினால் ஒன்பது வயதுக்கு உட்பட்ட இரண்டு குழந்தைகள் இலவசம். அன்று ஏழு வயதாக இருந்தவர்களுக்கு 2023-ல் பன்னிரண்டு வயது, 101 வெற்றியை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும் வயது. அணியின் மைதானமான கேம்டன் யார்ட்ஸில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவதும் சின்ன விஷயம் இல்லை. நான் புளியோதரை டப்பாவோடு போயிருக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாவது, சடங்குகளைத் தயாரிக்காதீர்கள், தானாக முளைப்பதற்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது, 2023-ல் டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகவைக்கும் அடி) அடித்தால் டக் அவுட்டில் வீரர்கள் வாயால் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து இடது பக்கம் 86-ஆம் பகுதியை "பேர்ட் பாத்" ஆக்கி, ஒரு ஆளைக் குழாயோடு நிறுத்தி, ஒரு பேஸுக்கு மேல் போகவைக்கும் அடி விழும்போதெல்லாம் ரசிகர்களை நனைத்தார்கள். 1970-களின் கடைசியில் பழைய மெமோரியல் ஸ்டேடியத்தின் 34-ஆம் பகுதியில் வைல்டு பில் ஹேகி என்ற டாக்ஸி டிரைவர் தன் உடம்பை வளைத்தே ஓரியோல்ஸ் என்ற ஒவ்வொரு எழுத்தையும் காட்டுவார், அரங்கமே கூடச் சேர்ந்து கத்தும். அணி அவரை அமர்த்தவில்லை. அமெரிக்க தேசிய கீதத்தில் அணியின் முதல் எழுத்தான "ஓ" வரும்போது எல்லாரும் உரக்கக் கத்துவது இன்றும் நடக்கிறது.

மூன்றாவதுதான் கஷ்டமானது: யாராவது ஒருவரையாவது போக விடாதீர்கள். கால் ரிப்கன் ஆபர்தீனில் வளர்ந்து, 21 சீசனும் இதே சட்டையில் ஆடினார். 1994-ல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தில் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதிப் போட்டித் தொடரே ரத்தாகி ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தபோது, 1995 செப்டம்பர் 6-ல் அவர் தொடர்ச்சியான 2,131-ஆவது ஆட்டத்தை ஆடினார். ஆட்டம் பாதியில் 22 நிமிடம் நின்றது, அவர் மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களோடு கை குலுக்கினார். விளம்பரத்துக்குக் கோடி கோடியாகச் செலவழித்தாலும் இப்படி ஒரு 22 நிமிடம் கிடைக்காது.

தாளை வருடத்துக்கு மூன்று முறை திருத்தினால் போதும்: மார்ச் கடைசியில் ரோஸ்டர் அறிவித்ததும், ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ டிரேடு கெடு முடிந்ததும், நவம்பரில் நாற்பது பேர் பட்டியலைப் பூட்டியதும். என் தாளில் இப்போது பிட்சர் வரிசை ஓரளவு நிரம்பியிருக்கிறது. ஷார்ட் ஸ்டாப் வரிசையில் 2028 வரை ஹெண்டர்சன். 2029-ல் ஹாலிடே என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்து, அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்துவிட்டது.