முக்கோணச் சால்வையை முடிக்கத் தராசு உதவிய கதை

தில்லி மயூர் விஹாரில், குளிர்காலத்திற்காக அம்மாவுக்கு நான் பின்னிவந்த முக்கோணச் சால்வை, பாதி வரிசைகளைத் தாண்டிய பிறகு நகரவே மறுத்தது. சோம்பலைவிடக் கணக்கே இதற்குக் காரணம். ஒருசில கண்ணிகளுடன் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களுடன்) தொடங்கி, சீராகக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போகும் சால்வையில், பாதி வரிசைகள் முடியும்போது மொத்த வேலையில் ஏறத்தாழக் கால் பங்குதான் முடிந்திருக்கும். மீதி முக்கால் பங்கும் நீண்டுகொண்டே போகும் வரிசைகளில் கிடக்கிறது.

ஆகவே வரிசைகளை எண்ணுவதைக் கைவிட்டு, மீதி நூலைச் சமையலறைத் தராசில் நிறுக்கத் தொடங்கினேன். 50 கிராம் உருண்டையில் 5 கிராம் குறைந்தால் அன்றைய பங்கு முடிந்தது. வரிசை நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி ஒன்று இணைக்கும் வட்ட ஊசி என்பதால், கண்ணிகளை அந்த நடுக்கம்பிக்குத் தள்ளிவிட்டால் நழுவுவதில்லை. மறுநாள் எடுக்கும்போது, நூல் தொங்கும் முனை வலக்கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதியில் நிற்கும் வரிசை கையைத் தானாக இழுத்துக்கொள்கிறது. (வரிசையை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பார் பக்கத்து வீட்டு மாமி, எனக்கு அது ஒத்துவரவில்லை.)

மே மாத வெயிலில் மடியில் கம்பளியைப் போட்டுக்கொள்ள யாருக்கும் மனம் வராது என்பதால், சால்வையை மேசைமீது பரப்பிவைத்தே பின்னினேன். கடைசி விளிம்பை அடைப்பதற்கு, அதாவது கண்ணிகள் பிரியாதபடி முடித்துவிடுவதற்கு, அதன் நீளத்தைப் போல் மூன்று முதல் நான்கு மடங்கு நூலை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நல்லது.